"பெரிய எழுத்து" என்று எதைக் கணக்கில் எடுப்பது? 3:1 போதுமா, 4.5:1 வேண்டுமா?

கயல்_கோவை · திங்கள், காலை 10:12

வணக்கம். ஓர் உள்ளாட்சி அமைப்பின் சேவைத் தளத்துக்கு ஃப்ரன்ட்-எண்ட் வேலை செய்துகொண்டிருக்கிறேன். சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இதில்தான் வரும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இயங்கும். இந்திய அரசுத் தளங்களுக்கான ஜிஐஜிடபிள்யூ 3.0-ஐப் பின்பற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதாவது வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசெய்யும் சர்வதேச விதித்தொகுப்பான டபிள்யூசிஏஜி 2.1, அதன் மூன்று நிலைகளில் இரண்டாவதான ஏஏ நிலை.

சிக்கல் ஒரு பச்சையில். நிறக் குறியீடு #009050. வெள்ளைப் பின்னணியில் காண்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டு விகிதம், 4.11:1 வருகிறது. சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். "இந்தப் பச்சையைப் பெரிய எழுத்துக்கு மட்டும்தான் போட்டிருக்கிறேன், அதனால் பாஸ்" என்கிறார் எங்கள் டிசைனர். அவர் பெரிய எழுத்து என்று சொல்லும் இடங்கள்:

அ) பக்கத் தலைப்பு. டெஸ்க்டாப்பில் 28 பிக்சல், சாதாரணத் தடிமன். கிளாம்ப் (திரை அகலத்துக்கேற்ப எழுத்து அளவை மாற்றும் கட்டளை) போட்டிருப்பதால் போனில் 22 பிக்சலுக்கு இறங்கும்.
ஆ) சேவைக் கார்டுகளின் தலைப்பு. 18.5 பிக்சல், ஃபாண்ட்-வெயிட் (தடிமன் எண்) 600.
இ) "விண்ணப்பிக்க" பட்டன். பச்சையின் மேல் வெள்ளை எழுத்து, 20 பிக்சல், போல்ட்.
ஈ) மேலே ஓடும் அறிவிப்பு வரி. டிசைன் வரையும் ஃபிக்மா மென்பொருளில் 18, சாதாரணத் தடிமன். "விதியில் 18 என்றுதானே இருக்கிறது" என்கிறார்.

இவற்றில் எது உண்மையிலேயே பெரிய எழுத்து? டூல் ஒன்று சொல்கிறது, டிசைனர் ஒன்று சொல்கிறார். ஆடிட் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

முருகேசன்_ஆடிட் · திங்கள், காலை 11:05

வரையறை இதுதான்: குறைந்தது 18 பாயின்ட், போல்டாக இருந்தால் குறைந்தது 14 பாயின்ட். இது சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) பாயின்ட். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட், 96 பிக்சல். அப்படிப் பார்த்தால் 18 பாயின்ட் என்பது 24 பிக்சல், 14 பாயின்ட் என்பது 18.66 பிக்சல்.

முதலில் ஈ. அது ஃபெயில், பேச்சே இல்லை. ஃபிக்மாவில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு போட்டிருக்காது, ஆனால் அது பிக்சல். 18 பிக்சல் என்றால் 13.5 பாயின்ட்தான். இந்தக் குழப்பத்தை நான் வாராவாரம் பார்க்கிறேன். ஃபோட்டோஷாப்பில் 72 பிபிஐ (அங்குலத்துக்கு 72 பிக்சல்) கோப்பு வைத்து வேலை செய்தவர்களுக்கு 18 பாயின்டும் 18 பிக்சலும் ஒன்றாகவே தெரிந்திருக்கும், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. ஐஃபோன் ஆப் வரைகிறவர்கள் சொல்லும் பாயின்டும் வேறு; அது அச்சுக்கூடப் பாயின்ட் அல்ல.

அ: டெஸ்க்டாப்பில் பாஸ், போனில் ஃபெயில். 22 பிக்சல் என்பது 16.5 பாயின்ட். திரை அளவுக்கேற்பப் பக்கம் தானாக மாறினால், அந்த ஒவ்வொரு வடிவமும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்று 2.1 பதிப்பில் தெளிவாகவே சேர்த்துவிட்டார்கள். உங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேராவது போனில்தான் வருவார்கள். அதனால் டெஸ்க்டாப் அளவை மட்டும் காட்டி ரிப்போர்ட் எழுதினால் அது பாதி ரிப்போர்ட்.

ஆ: என் கணக்கில் ஃபெயில். அளவும் எட்டவில்லை, தடிமனும் எட்டவில்லை.

இ: 20 பிக்சல் போல்ட் என்பது 15 பாயின்ட் போல்ட். விதிப்படி பெரிய எழுத்து. 4.11 தாராளமாகப் பாஸ்.

வண்ணக்கிளி · திங்கள், மதியம் 1:40

நானும் டிசைனர்தான், அதனால் அந்தப் பக்கம் நின்று கேட்கிறேன். ஆ-வை ஃபெயில் ஆக்குவது சரியா? இந்த விதிகளை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பின் விளக்க ஆவணத்திலேயே 14 பாயின்ட் ஏறத்தாழ 18.5 பிக்சல் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? அதைப் படித்துவிட்டுத்தான் எத்தனையோ டிசைன் சிஸ்டத்தில் 18.5 என்று வைத்திருக்கிறார்கள். 600-உம் கண்ணுக்குப் போல்ட்தான். வரையறையில் 700 என்று எங்கும் சொல்லவில்லை.

போன் விஷயத்திலும் ஒரு கேள்வி. போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடிக்கிறோம். 22 பிக்சல் அங்கே பெரிதாகத்தானே தெரியும்? தேவைப்பட்டால் இரண்டு விரலால் பெரிதாக்கியும் கொள்ளலாமே.

முருகேசன்_ஆடிட் · திங்கள், மதியம் 2:25

@வண்ணக்கிளி, விளக்க ஆவணம் வேறு, விதி வேறு. விதி பாயின்டில் இருக்கிறது. 14-ஐ நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 18.666... வரும். 18.5 பிக்சல் என்பது 13.875 பாயின்ட். "ஏறத்தாழ" என்று விளக்கத்தில் வந்த எண்ணை எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ள முடியாது. வெப்எய்ம் தளத்தின் காண்ட்ராஸ்ட் செக்கரில் 18.66 என்றுதான் போட்டிருக்கிறார்கள். 19 என்று வைத்துவிட்டால் இந்த வாதமே எழாது.

600 பற்றி நீங்கள் சொல்வது உண்மை. வரையறையில் எண் இல்லை. சிஎஸ்எஸ்-இல் "போல்ட்" என்று எழுதினால் 700 என்று பொருள்; 600-க்கு செமி போல்ட் என்று தனிப் பெயர் இருக்கிறது. தானாகச் சோதிக்கும் ஆக்ஸ்-கோர் டூலிலும் போல்டுக்கான மதிப்பு 700 என்றுதான் இயல்பாக வைத்திருக்கிறார்கள். அதை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டிவரும்.

பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற வாதம் செல்லாது. பக்கம் வந்து சேரும்போது இருக்கும் அளவுதான் கணக்கு, பயனர் பெரிதாக்கியது சேராது என்று வரையறையின் குறிப்பிலேயே இருக்கிறது. கிட்டத்தில் பிடிப்பதைப் பற்றி: சிஎஸ்எஸ் பிக்சலே பார்வைக் கோணத்தை வைத்து வகுத்தது. கை நீட்டிய தூரம், அதாவது 28 அங்குலத்தில் ஒரு பிக்சல் எவ்வளவு தெரியுமோ, அதுதான் அளவு. கிட்டத்தில் பிடிக்கும் கருவிக்குப் பிக்சலின் உண்மை அளவும் சிறிதாகும். அந்தச் சலுகையை ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தாயிற்று, இரண்டாவது முறை கேட்கக் கூடாது.

கயல்_கோவை · திங்கள், மாலை 4:10

நன்றி சார். ஆனால் எனக்கு இன்னொன்று புரியவில்லை. ஏன் 18? ஏன் 14? ஏன் 3-உம் 4.5-உம்? டிசைனரிடம் "விதி அப்படி" என்று மட்டும் சொன்னால் அவர் கேட்கமாட்டார். நியாயமும்கூட.

முருகேசன்_ஆடிட் · திங்கள், மாலை 5:30

3:1-இலிருந்து தொடங்க வேண்டும். இயல்பான பார்வை உள்ளவருக்கு இயல்பான எழுத்துக்கு 3:1 குறைந்தபட்சம் என்று ஐஎஸ்ஓ 9241-3-உம், அமெரிக்காவின் 1988-ஆம் ஆண்டு ஆன்சி தரமும் வைத்திருந்தன. டபிள்யூசிஏஜி 2.0 (2008 டிசம்பரில் வந்தது) அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. பார்வைக் கூர்மை 20/40 அளவுக்கு (இயல்பான கண் 40 அடியில் படிப்பதை 20 அடியில்தான் படிக்க முடியும்) குறைந்தவருக்கு வேறுபாட்டை உணரும் திறனும் குறையும், அதை ஈடுகட்ட ஒன்றரை மடங்கு வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 3-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 4.5. எண்பது வயதை ஒட்டியவர்களுக்கு 20/40 சாதாரணம் என்பதால் அந்த இலக்கு. மிக உயர்ந்த ஏஏஏ நிலையில் கேட்கும் 7:1, 20/80 பார்வையை மனதில் வைத்தது.

பெரிய எழுத்துக்கு ஏன் தளர்வு? எழுத்து பெரிதானால் கோடும் தடிக்கிறது. தடித்த கோட்டைக் கண் குறைந்த வேறுபாட்டிலும் பிடித்துவிடும். மெல்லிய கோட்டுக்கு அதிக வேறுபாடு வேண்டும். உண்மையில் சலுகை அளவுக்கு அல்ல, கோட்டின் தடிமனுக்கு. அதனால்தான் போல்டுக்குக் குறைந்த அளவே போதும் என்று விட்டிருக்கிறார்கள். மிக மெல்லிய கோடுள்ள எழுத்துருக்கள் குறைந்த காண்ட்ராஸ்டில் படிக்கக் கடினம் என்று குறிப்பிலும் எச்சரிக்கிறார்கள். ஃபாண்ட்-வெயிட் 200-இல் 24 பிக்சல் தலைப்பு வைத்துவிட்டு 3:1 போதும் என்றால் டூல் பாஸ் சொல்லும், கண் சொல்லாது.

18-உம் 14-உம் பெரிய எழுத்து அச்சுப் புத்தகங்களிலிருந்து வந்தவை. குறைந்தபட்சப் பெரிய அச்சு 14, அதற்கு அடுத்த வழக்கமான பெரிய அளவு 18.

சுழி · திங்கள், இரவு 9:15

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். சார் கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. நான் தமிழ் எழுத்துரு வரைகிறவன்.

அந்த 14-உம் 18-உம் *ரோமன் எழுத்துக்கு* என்று குறிப்பிலேயே போட்டிருக்கிறது. சீனம், ஜப்பானியம், கொரியம் போன்ற மற்ற எழுத்துகளுக்கு, அந்தந்த மொழியில் பெரிய அச்சுக்கு வழங்கும் அளவுதான் "சமமான அளவு" என்றும் சொல்லியிருக்கிறார்கள். தமிழைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. அதனால் எல்லா டூலும் தமிழுக்கும் 24 பிக்சலையே வைத்து அளக்கிறது. கயல் தளத்தின் பட்டனில் இருப்பது "விண்ணப்பிக்க". அது ரோமன் எழுத்தா?

ஃபாண்ட்-சைஸ் என்பது எழுத்தின் உயரம் இல்லை. எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம். தமிழில் அந்தக் கட்டத்துக்குள் மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கியும் வர வேண்டும், கீழே உகர ஊகாரக் கால் இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இடம் விட்ட பிறகுதான் "க" வரையலாம். எவ்வளவு இடம் விடுவது என்பது வரைகிறவர் முடிவு. அதனால் ஒரே 18 பாயின்டில் இரண்டு தமிழ் எழுத்துருக்கள் இரண்டு விதமாகத் தெரியும். விண்டோஸில் லதாவையும் விஜயாவையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விஜயா நன்றாகவே சிறுத்துத் தெரியும். விதி இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

அடுத்தது கோடு. ரோமனில் "l", "i" எல்லாம் ஒற்றைக் கோடு. தமிழில் ண, ஞ, ஜ, ஐ, ஷ எல்லாவற்றிலும் ஒரே கட்டத்துக்குள் பல சுழிகளும் வளைவுகளும் அடைய வேண்டும். இடம் போதாததால் கோட்டை மெலிதாக்குவோம், அல்லது சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் குறைப்போம். சார் சொன்ன "தடித்த கோடு" என்ற நியாயம் இங்கே பாதி அடிபட்டுப் போகிறது.

சுழி · திங்கள், இரவு 9:40

போல்ட் பற்றி விட்டுவிட்டேன். தமிழில் இதுதான் பெரிய தலைவலி.

பல தமிழ் எழுத்துருக்களில் போல்ட் கிடையாது. கூகுள் ஃபாண்ட்ஸில் மீரா இனிமை, பவனம் இரண்டிலும் சாதாரணத் தடிமன் மட்டும்தான். அதற்கு 700 போட்டால் பிரௌசர் தானே ஒரு போல்டைத் தயாரிக்கும். எழுத்தைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு தடவை பூசுகிற மாதிரி. "ட", "ப" தப்பித்துவிடும். "ண", "ஞ", "இ" உள்ளே அடைத்துக்கொண்டு கட்டியாகிவிடும். கோடு தடித்ததால் படிக்க எளிது என்பது வரையறையின் நம்பிக்கை. போலிப் போல்டில் நேர் எதிர். டூலுக்கு இது தெரியாது. அது 700 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு "போல்ட், பெரிய எழுத்து, பாஸ்" என்று போய்விடும்.

கயலின் ஆ-வில் இன்னொரு வேடிக்கை நடக்கலாம். 600 கேட்டு, எழுத்துருவில் 400-உம் 700-உம் மட்டும் இருந்தால் பிரௌசர் மேலே ஏறி 700-ஐ எடுக்கும். ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் எழுத்துருவில் உண்மையான 600 இருந்தால் அது 600-ஆகவே வரும். ஒரே தலைப்பில் ஆங்கிலச் சொல் செமி போல்டாகவும் தமிழ்ச் சொல் முழுப் போல்டாகவும் நிற்கும். தமிழுக்கு 400 மட்டும் இருந்தால் போலிப் போல்ட். டெவலப்பர் கருவியில் "ரெண்டர்டு ஃபாண்ட்ஸ்" என்ற இடத்தில் உண்மையில் எந்தக் கோப்பு வந்தது என்று பாருங்கள். சிஎஸ்எஸ்-இல் ஃபாண்ட்-சிந்தசிஸ் என்ற பண்பை "none" என்று வைத்தால் போலி போல்ட் நின்றுவிடும், எழுத்துருவில் போல்ட் இல்லை என்ற உண்மை அப்பட்டமாகத் தெரியும்.

செல்வி_டீச்சர் · செவ்வாய், காலை 6:50

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எண்கள் எல்லாம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இது என் கண் சம்பந்தப்பட்ட பேச்சு, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு கண்ணிலும் குளுக்கோமா. புரை அறுவைசிகிச்சையும் ஆகிவிட்டது. கண் பரிசோதனைப் பலகையில் கறுப்பு எழுத்தை ஓரளவு கீழ் வரி வரைக்கும் படித்துவிடுவேன். டாக்டரே "பரவாயில்லையே" என்பார். ஆனால் வெளிர்நிற எழுத்து வந்தால் அந்தக் கண்ணே வேறு கண் மாதிரி ஆகிவிடும். போனில் எழுத்து அளவை எல்லைக்கே தள்ளி வைத்திருக்கிறேன். அதில் ஒரு பயனும் இல்லை. மங்கல் எழுத்தைப் பெரிதாக்கினால் பெரிய மங்கல்தான் கிடைக்கும்.

சுழி தம்பி சொன்ன சுழி விஷயம் முழுக்க உண்மை. எனக்குப் "பணி"யும் "பனி"யும் ஒன்றாகிவிடும். "மணம்", "மனம்" அப்படியே. இரண்டு சுழியா மூன்று சுழியா என்று எண்ண முடியாது. உள்ளே இருக்கிற வெள்ளை அழிந்துபோய்விடுகிறது. "விடு" "வீடு" கொக்கி தெரியாது. புள்ளி காணாமல் போவதுதான் மோசம். கதை படிக்கும்போது வாக்கியத்தை வைத்து ஊகித்துக்கொள்வேன். நாற்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்கு அது கஷ்டமில்லை. ஆனால் பட்டன், தலைப்பு, படிவத்தின் கட்டப் பெயர், இவையெல்லாம் ஒற்றைச் சொல். ஊகிக்க முன்னும் பின்னும் ஒன்றும் இருக்காது. நீங்கள் எல்லோரும் தளர்வு கொடுக்கலாம் என்று பேசுவது சரியாக அந்த இடங்களில்தான்.

போன மாதம் ஒரு தளத்தில் பச்சைப் பட்டனில் வெள்ளை எழுத்து. வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அனுப்பவா, அழிக்கவா என்று தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். ஓய்வூதியக் கணக்கு விவரத்தை அவளுக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரவுப்பறவை · செவ்வாய், காலை 9:20

டீச்சர் சொல்வதைப் படித்தால் டபிள்யூசிஏஜி 2.x விகிதத்தின் குறைதான் நினைவுக்கு வருகிறது. ஆண்ட்ரூ சாமர்ஸ் உருவாக்கிய ஏபிசிஏ என்ற புதிய காண்ட்ராஸ்ட் கணக்கு முறையைப் பாருங்கள். அதில் "பெரிது / சிறிது" என்று இரண்டே பெட்டி கிடையாது. அளவும் தடிமனும் சேர்ந்து எவ்வளவு வேறுபாடு வேண்டும் என்று சொல்லும். 45 என்ற மதிப்பு மட்டும் இருந்தால் சாதாரணத் தடிமனில் 36 பிக்சல், போல்டில் 24 பிக்சல் வேண்டும். 60 இருந்தால் 24 பிக்சல் சாதாரணம், 16 பிக்சல் போல்ட். ஓடும் உரைக்கு 75, முடிந்தால் 90. வெள்ளைமேல் கறுப்பும் கறுப்புமேல் வெள்ளையும் ஒன்றல்ல என்றும் அது கணக்கில் எடுக்கும். பழைய விகிதம் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். டார்க் மோட் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நாமெல்லாம் இதற்கு மாறிவிடலாமே?

முருகேசன்_ஆடிட் · செவ்வாய், காலை 10:45

டீச்சர், நீங்கள் எழுதியதை எங்கள் டீமுக்கு அனுப்பியிருக்கிறேன். ஊகிக்க இடமில்லாத ஒற்றைச் சொல் என்பதை இதுவரை எந்த ரிப்போர்ட்டிலும் நான் எழுதியதில்லை. இனி எழுதுவேன்.

@இரவுப்பறவை, ஏபிசிஏ-வைக் கண்ணுக்கு உதவியாக வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இணக்கச் சான்றுக்கு அது உதவாது. ஜிஐஜிடபிள்யூ கேட்பது டபிள்யூசிஏஜி 2.1. ஐரோப்பாவின் ஈஎன் 301 549-இலும் வலைத்தளங்களுக்கு அதே 2.1 ஏஏ. நம்முடைய இந்தியத் தரமான ஐஎஸ் 17802 அந்த ஐரோப்பியத் தரத்தை ஒட்டியது. ஏபிசிஏ-வில் தேறி 2.1-இல் தேறாத நிற ஜோடிகளும் உண்டு. அப்படி ஒன்றை வைத்துவிட்டு "புதிய முறையில் சரிதான்" என்று சொன்னால் சான்று தருகிறவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

@சுழி, உங்களோடு எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. தமிழுக்குச் சமமான அளவு வேறு என்று நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்த அளவு எவ்வளவு? 26 பிக்சலா, 30-ஆ? தமிழில் பெரிய அச்சுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் எண் இருந்தால் அதைக் காட்டி நான் ஃபெயில் போடலாம். இல்லாதபோது 24 பிக்சல் தமிழ்த் தலைப்பை ஃபெயில் என்று எழுதினால், அது என் விருப்பம் ஆகிவிடும். நாளைக்கு இன்னொரு ஆடிட்டர் 28 என்பார். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறினால் எந்த டீமும் நம்மை நம்பாது.

சுழி · செவ்வாய், மதியம் 12:30

எண் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை சார். எண் இல்லை என்பதையே வேறு விதமாகப் பாருங்கள் என்கிறேன்.

3:1 என்பது ஒரு சலுகை. சலுகை கேட்கிறவர்தான் தகுதியைக் காட்ட வேண்டும். "இந்தத் தமிழ் எழுத்து, ரோமனில் 18 பாயின்ட் எழுத்துக்குச் சமமாகத் தெரிகிறது" என்று காட்ட முடிந்தால் எடுத்துக்கொள்ளட்டும். காட்ட முடியாதபோது ஏன் சலுகையின் பக்கம் சாய வேண்டும்? சாதாரண விதி இருக்கிறது, 4.5. தமிழ் எழுத்து எந்த அளவில் இருந்தாலும் 4.5 என்று வைத்துவிட்டால் எவருடைய விருப்பமும் உள்ளே வராது. ஆடிட்டருக்கு ஆடிட்டர் மாறவும் மாறாது.

முருகேசன்_ஆடிட் · செவ்வாய், மதியம் 1:15

அதை டீமின் உள்விதியாக வைக்கலாம் என்றால் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். இணக்க ரிப்போர்ட்டில் ஃபெயில் என்று எழுதமாட்டேன், பரிந்துரை என்ற பகுதியில் "தமிழ் உரை, 4.5-க்குக் கீழ்" என்று தனியாக, இடம் குறித்து எழுதுவேன். போலிப் போல்ட் கதையில் மட்டும் இன்னும் ஒரு படி போவேன். திரையில் வந்தது உண்மையான போல்ட் எழுத்துரு இல்லை என்று காட்ட முடிந்தால், 14 பாயின்ட் சலுகையைத் தரமாட்டேன். 18 பாயின்டை எட்டினால்தான் பெரிய எழுத்து. அதற்கு எனக்கு வரையறையிலேயே இடம் இருக்கிறது: குறிப்பிட்ட எழுத்துருவைச் சரிபார்த்துக்கொள்வது உருவாக்குகிறவர் பொறுப்பு என்று குறிப்பில் இருக்கிறதே.

அப்படிப் பார்த்தால் கயலின் இ-யும் திரும்பத் திறக்கிறது. அந்தப் பட்டனில் எந்த எழுத்துரு வருகிறது கயல்?

கயல்_கோவை · செவ்வாய், மதியம் 3:05

பார்த்துவிட்டேன் சார். ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவை ஏற்றியிருக்கிறோம், அதில் தமிழ் இல்லை. தமிழ் அந்தந்தக் கருவியில் இருப்பதற்கு விழுகிறது. என் விண்டோஸ் மடிக்கணினியில் நிர்மலா யூஐ போல்ட் வந்தது, சரிதான். ஆனால் அலுவலகத்தில் இருக்கும் ஒரு பழைய போனில் உண்மையான போல்ட் வரவில்லை, போலிப் போல்ட்தான். சுழி அண்ணா சொன்ன மாதிரி "ண்ண" இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரே பட்டன், ஒரு கருவியில் பெரிய எழுத்து, இன்னொன்றில் இல்லை.

வண்ணக்கிளி · செவ்வாய், மாலை 4:20

டீச்சர் பதிவைப் படித்த பிறகு இந்த நிறத்தையே எடுத்து வைத்து உட்கார்ந்தேன். நாம் இரண்டு நாளாக எதற்காக விவாதிக்கிறோம் என்று பாருங்கள்:

#009050 வெள்ளைமேல் 4.11:1.
#008850 வெள்ளைமேல் 4.53:1.

நடு இலக்கம் 90-இலிருந்து 88-க்கு இறங்குகிறது, அவ்வளவுதான். இரண்டு பச்சையையும் தனித்தனித் திரையில் காட்டினால் எது எது என்று எந்த வாடிக்கையாளரும் சொல்லமாட்டார். இந்த ஒரு மாற்றத்தில் வெள்ளைப் பின்னணியில் அ, ஆ, இ, ஈ எல்லாம் சாதாரண எழுத்தாகவே தேறிவிடும். எது பெரிய எழுத்து என்று கேட்கவே வேண்டாம்.

டிசைனர்களிடம் இப்படிக் கொண்டுபோங்கள் கயல். "உங்கள் தலைப்பு ஃபெயில்" என்றால் நாங்கள் வாதாடத்தான் செய்வோம். "இந்த இரண்டில் எது வேண்டும்" என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்துவிடும்.

முருகேசன்_ஆடிட் · செவ்வாய், மாலை 4:50

அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும். 4.53 என்பது வெள்ளைமேல். சேவைக் கார்டுக்குப் பின்னால் லேசான சாம்பல் போட்டிருந்தால் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 245 என்று வைத்துக்கொள்ளுங்கள்) அதே பச்சை 4.15-க்கு இறங்கிவிடும். விளிம்பில் நிற்கும் நிறத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வெள்ளைமேல் #767676 சாம்பல் 4.54, பாஸ், அதற்கு அடுத்த #777777 4.48, ஃபெயில். தோராயமாக்கி 4.5 என்று எழுதிக்கொள்ள விதியில் அனுமதி இல்லை. பெரிய எழுத்துக்கும் அப்படித்தான்: #949494 3.03, #959595 2.995.

கயல்_கோவை · செவ்வாய், மாலை 5:25

கார்டுக்குப் பின்னால் அதே 245 சாம்பல்தான் சார்! கார்டுக்கும் பட்டனுக்கும் #007040 போட்டுப் பார்த்தேன். சாம்பல்மேல் 5.68, வெள்ளைமேல் 6.19 வருகிறது. சற்று அடர்த்திதான், ஆனால் டிசைனருக்குப் பிடித்திருக்கிறது.

இன்னும் இரண்டு சிறு கேள்வி. தேடு பெட்டிக்குள் மங்கலாக இருக்கும் "சான்றிதழ் எண்" என்ற குறிப்பு எழுத்து? அப்புறம், எல்லாக் கட்டமும் நிரப்பும்வரை அழுத்த முடியாமல் சாம்பலாக நிற்கும் பட்டன்?

முருகேசன்_ஆடிட் · செவ்வாய், மாலை 5:40

முதலாவது எழுத்துதான், 4.5 வேண்டும். இரண்டாவதுக்கு விலக்கு உண்டு. செயலில் இல்லாத பொத்தான், லோகோவில் இருக்கும் எழுத்து, வெறும் அலங்காரம், இவற்றுக்கு இந்த விதி பொருந்தாது.

செல்வி_டீச்சர் · செவ்வாய், இரவு 7:30

விலக்கு உண்டு என்றால் சரி சார். ஆனால் அந்தச் சாம்பல் பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டால், எந்தக் கட்டத்தை நிரப்பினால் அது உயிர் பெறும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு வரி கறுப்பில் எழுதிவிட்டால் போதும். "பிறந்த தேதியை நிரப்பவும்" என்று.

கயல்_கோவை · செவ்வாய், இரவு 8:10

எழுதிவிடுகிறேன் டீச்சர். வியாழக்கிழமை சோதனைப் பக்கம் தயாராகும். பட்டனுக்கும் தலைப்புக்கும் உண்மையான 700 இருக்கும் ஒரு தமிழ் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே அனுப்பப் போகிறோம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்று இப்போதைக்கு முடிவு. கோப்பு எடை கொஞ்சம் கூடும், அதை டீம் ஒப்புக்கொண்டுவிட்டது. தமிழ் எங்கே வந்தாலும் 4.5 என்பதையும் எங்கள் நிறப் பட்டியலின் மேலேயே எழுதிவிட்டோம். உங்கள் போனில் ஒருமுறை திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா? வெயிலிலும் பாருங்கள்.

செல்வி_டீச்சர் · செவ்வாய், இரவு 8:35

லிங்க் அனுப்பும்மா. பதினோரு மணிக்கு மேல் வாசலில் நல்ல வெயில் இருக்கும், அப்போது பார்க்கிறேன்.